முத்துலட்சுமி ரெட்டியின் சட்டசபைப் பணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். புதுக்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஜூலை 30ஐ ஒட்டி ஆண்டுதோறும் பேச்சுப்போட்டி வைக்கிறோம். பிள்ளைகள் எல்லோரும் ‘முதல் பெண்’ பட்டங்களை அடுக்கிவிட்டு நேராக அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்விடுகிறார்கள். சட்டசபை உறுப்பினராக அவர் செய்தது என்ன? நான்கு ஆண்டுகூட முடியாமல் பதவி விலகிவிட்டார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1947இல். அந்தச் சட்டத்தை அவர் கணக்கில் எழுதுவது மிகைதானா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

மிகை இல்லை. ஆனால் 1947ஐச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு 1929க்கு வாருங்கள். அவருடைய சட்டசபை வாழ்வின் ஆகப் பெரிய காரியம் என்று நான் கருதுவது அந்த ஆண்டில்தான் நடந்தது. மேடைகளில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம்.

இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் 1926இல் அவர் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். உறுப்பினர்கள் அவரையே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1927 நவம்பரில், சிறுமிகளுக்குக் கடவுளின் பெயரால் பொட்டு என்னும் தாலியைக் கட்டிக் கோயிலுக்கு விடுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். சபை ஏற்றுக்கொண்டது. என்றாலும் தீர்மானம் அரசுக்கு விடுக்கும் கோரிக்கை மட்டுமே. அதனால் ஒரு சிறுமியின் கழுத்தில் ஏறும் பொட்டைக்கூடத் தடுத்துவிட முடியாது.

பொட்டுக்கட்டும் வழக்கத்தின் அடியில் நிலம் இருந்தது. கோயில் ஊழியத்துக்காக தேவதாசிக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் விடப்பட்டிருந்தது. ஊழியம் நடக்கும்வரைதான் நிலத்தின் விளைச்சல் வீட்டுக்கு வரும். தாய்க்கு வயதாகிவிட்டால் அடுத்து ஒரு பெண் பொட்டுக்கட்டிக்கொண்டு அந்த ஊழியத்தை ஏற்க வேண்டும். இல்லையென்றால் நிலம் கைவிட்டுப் போகும். மகளைப் படிக்க வைக்கவோ, மணம் முடித்துக் கொடுக்கவோ ஒரு தாய் ஆசைப்பட்டாலும், அந்த வீட்டின் அரிசிக்கு வழியில்லாமல் போகும். இப்படிப்பட்ட வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒழுக்கம் பேசுவதால் என்ன பயன்?

அவர் அந்த முடிச்சில் கைவைத்தார். இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் 1929இல் சட்டமானது. ஊழியக் கட்டாயம் நீங்கும். விதிக்கப்பட்ட தீர்வையைச் செலுத்திவிட்டு அந்தப் பெண்ணே நிலத்தை வைத்துக்கொள்ளலாம். பொட்டுக்கட்டினால்தான் சோறு என்ற நிலை சட்டப்படி தளர்ந்தது. ஒரு வழக்கத்தைக் குற்றம் என்று அறிவிப்பதற்கு முன்னால், அதை விட்டுவிட்டு வருகிறவர்கள் நிற்பதற்கு இடம் செய்து வைத்தார். இதைத்தான் நான் சட்டமியற்றுபவரின் வேலை என்பேன். அவருடைய தாய் சந்திரம்மாள் தேவதாசிச் சமூகத்தில் பிறந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீடுகளின் கஷ்டத்தை அவருக்கு வெளியார் யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். தேவதாசிகளே சங்கம் கூடி அரசுக்கு மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர் அவர்களில் ஒருவர். தங்கள் கலையையும் சொத்துரிமையையும் சேர்த்துப் பறிக்கிறார்கள் என்று அவர்கள் அஞ்சியதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. விடுவிக்கப்பட்ட நிலங்களின் பலன் காலப்போக்கில் அந்தச் சமூகத்து ஆண்களுக்கே கூடுதலாகப் போயிற்று என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. இதையெல்லாம் சொல்லிய பிறகும் எனக்கு முத்துலட்சுமி ரெட்டி மீதுள்ள மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

பதவி விலகலுக்கு வருகிறேன். 1930இல் காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அவர் சபையைவிட்டு வெளியேறினார். பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை அப்போதுதான் முன்வைத்திருந்தார். அந்த வேளையில் பதவியைத் துறப்பது அவருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று எண்ணிப் பாருங்கள். வெளியே வந்தும் வேலையை விடவில்லை. அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுதான் ஔவை இல்லம் ஆயிற்று. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1947இல் தடைச் சட்டம் நிறைவேறியபோது முத்துலட்சுமி ரெட்டிக்கு வயது 61. பதினேழு ஆண்டுகள் அந்தக் கோரிக்கையை விடாமல் உயிரோடு வைத்திருந்தவர்களில் அவர் முதன்மையானவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரையும் இந்த வரிசையில் வைக்காமல் விட்டால் நன்றிகெட்ட செயல். ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் அவர்.

அடுத்த ஆண்டு பேச்சுப்போட்டிக்குப் பதிலாக வகுப்பையே ஒரு நாள் சட்டசபையாக்கிப் பாருங்கள். ஒரு மாணவி 1929 திருத்தத்தை முன்மொழியட்டும். ஒருத்தி தேவதாசிகள் சங்கத்தின் மனுவை வாசிக்கட்டும். நிலத்தை இழக்க அஞ்சும் தாயாக இன்னொருத்தி எழுந்து கேள்வி கேட்கட்டும். அன்றைய சபை விவாதங்கள் அச்சில் இருக்கின்றன. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும். தேவையான பக்கங்களைப் படியெடுத்து அனுப்பினால் மொழிபெயர்ப்பில் நான் உதவுகிறேன்.

அன்புடன்.