திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யார்?

கேள்வி: அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. நடு இரவில் விழித்தால் விடியும் வரை அப்படியே கிடக்கிறேன். வேலையில் மனம் ஒட்டவில்லை. குழந்தையிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன். நேரில் ஒரு ஆலோசகரைப் பார்க்க வேண்டுமென்றால் போய்வரவே அரை நாள் ஆகிவிடும். ஒரு தோழி ஆன்லைன் தெரபி செயலி ஒன்றைச் சொல்கிறாள். எத்தனை மெசேஜ் வேண்டுமானாலும் அனுப்பலாமாம். கணவரோ, “போனில் பேசினால் மனசு சரியாகிவிடுமா?” என்கிறார். நான் பேசுவது வெளியே போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. சில நாள் காலையில் எழாமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் அது பெரிய விஷயமில்லை. ஆன்லைன் தெரபியை நம்பலாமா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெரிய விஷயமில்லை என்று நீங்கள் ஒதுக்கிய அந்த வரிதான் எனக்கு முதல் விஷயம். நெருங்கியவரை இழந்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது உண்டு. தோன்றிவிட்டதே என்று உங்களையே பார்த்து நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் அதை உள்ளேயே பூட்டி வைக்கவும் வேண்டாம். நேரிலோ ஆன்லைனிலோ, யாரைப் பார்த்தாலும் முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எழாமல் இருந்தால் நல்லது என்ற எண்ணம், எப்படிச் சாவது என்று யோசிப்பதாக என்றைக்காவது மாறினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. உடனே கணவரிடம் சொல்லுங்கள். பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். அந்த எண்ணை இன்றே தேடி போனில் சேமித்து வையுங்கள். அந்த நேரத்தில் செயலியில் மெசேஜ் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது ஆபத்து.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம்பலாம். உங்கள் நிலைமையில், தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பதைவிட ஆன்லைனில் தொடங்குவது நல்லது என்பதே என் எண்ணம். அதைச் சும்மா சொல்லவில்லை. 2012-ல் அமெரிக்காவில் மனச்சோர்வு உள்ள 325 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குத் தொலைபேசியில் சிகிச்சை, மீதிப் பேருக்கு நேரில். முடிவில் இரு தரப்புக்கும் கிடைத்த நிவாரணம் ஏறக்குறைய ஒன்றுதான். நேரில் வந்தவர்களில் சுமார் 33 சதவீதம் பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். தொலைபேசியில் பேசியவர்களில் நின்றது சுமார் 21 சதவீதம்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மட்டும் நேரில் போனவர்கள் கொஞ்சம் மேலான நிலையில் இருந்தார்கள். 2018-ல் 20 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அலசலிலும், இணைய வழியாகக் கொடுத்த சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் மனநல சிகிச்சை முறை) சிகிச்சைக்கும் நேரில் கொடுத்ததற்கும் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைய ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் நடந்தது வீடியோ பேச்சு அல்ல. பாடம்போல வகுத்த பயிற்சிகளைத் திரையில் படித்துச் செய்ய வேண்டும். ஒரு தெரபிஸ்ட் எழுத்து மூலம் வழிகாட்டுவார். சேர்ந்தவர்களும் பெரும்பாலும் தாங்களாகவே முன்வந்தவர்கள், தீவிர ஆபத்தில் இல்லாதவர்கள். அதனால் எல்லாருக்கும் எல்லா நிலையிலும் ஆன்லைன் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். இல்லாத குரல் காதில் கேட்பவர்கள், உடல் ஆபத்தான அளவுக்குச் சாப்பிடாமல் மெலிந்தவர்கள், குடியை நிறுத்தும்போது உடல் நடுங்குபவர்கள், தற்கொலைக்குத் திட்டமிடும் அளவுக்குப் போனவர்கள் ஆகியோருக்கு நேரடி மருத்துவம்தான் வேண்டும். தன்னை அடிப்பவரோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் வீட்டிலிருந்து வீடியோ கால் பாதுகாப்பான வழி இல்லை.

தோழி சொன்ன மெசேஜ் முறை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எழுதினால்தான் மனம் திறக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது உதவும். ஆனால் துக்கத்தில் இருப்பவரிடம் பேச்சு நின்று போகும் இடங்கள் முக்கியம். குரல் உடைவதையும், ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லும்போது முகம் போகும் போக்கையும் எதிரில் இருப்பவர் பார்க்க வேண்டும். அதனால் வீடியோவில் தொடங்குங்கள். இணைப்பு சரியில்லை என்றால் வெறும் குரல் போதும். இன்னொன்று, செயலியில் பதில் எழுதுவது மனிதரா, சாட்பாட்டா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சி பெற்ற மனிதரின் பொறுப்பை சாட்பாட் ஏற்காது.

நீங்கள் எடைபோட வேண்டியது ஆன்லைனா நேரிலா என்பதைவிட, யாரிடம் போகிறோம் என்பதைத்தான். எந்த முறைச் சிகிச்சையானாலும், தெரபிஸ்ட்டுக்கும் வருபவருக்கும் இடையில் நம்பிக்கை உண்டாவது பலனோடு நெருங்கிய தொடர்புடையது என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. செயலிகள் பல, ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி ஒருவரை நம்மிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அப்படியே ஏற்க வேண்டாம். அவர் பெயரைக் கேளுங்கள். என்ன படித்தார், எந்த அமைப்பில் பதிவு, பதிவு எண் என்ன என்று கேட்டு, நீங்களே சரிபாருங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் உள்ளவருக்குச் சிகிச்சை தர அவருக்கு அனுமதி உண்டா என்பதும் முக்கியம். பல இடங்களில் எல்லை தாண்டினால் உரிமம் செல்லாது. துக்கத்தில் இருப்பவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில், ஆறு மாதத்துக்கு மேல் தணியாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கும் துக்கத்துக்கு நீடித்த துக்கம் என்று தனி இடமே உண்டு. உங்களுடையது அதுதானா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. சொல்லத் தெரிந்தவரிடம் நீங்கள் போக வேண்டும்.

நல்ல தெரபிஸ்ட் உங்களிடமும் கேள்வி கேட்பார். இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள், அவசரம் என்றால் யாரை அழைக்கலாம், இணைப்பு நடுவில் அறுந்தால் என்ன செய்யலாம் என்றெல்லாம் விசாரிப்பார். இதைக் கேட்காமல் தொடங்குபவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

பேசுவது வெளியே போகுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. 2020-ல் பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடப்பட்ட விவரம் வெளியே வந்தது. பல்லாயிரம் பேரின் சிகிச்சைக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களிடமே பணம் கேட்டு மிரட்டினார்கள். அங்கே பலர் நேரில் போய்ப் பேசியவர்கள்தான். குறிப்புகள் கணினியில் இருந்தன, அவ்வளவே. 2023-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம், பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் தெரபி நிறுவனம் பயனர்களின் விவரங்களை ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது என்று குற்றம்சாட்டியது. 78 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. இதையெல்லாம் பார்த்து ஓடிவிட வேண்டாம். விளம்பரத்துக்கு விவரம் தருவீர்களா, வீடியோ கால் பதிவாகிறதா, குறிப்புகள் எங்கே, எத்தனை காலம் இருக்கும், அழிக்கச் சொன்னால் அழிப்பீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் வேறு இடம் பாருங்கள். ஃபேஸ்புக் கணக்கு வழியாக உள்ளே நுழையாமல், தனி மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

ஆனால் பலருக்கு ஆன்லைன் தெரபி பலன் தராமல் போவது வீட்டுக்குள்ளேயே என்று நினைக்கிறேன். பக்கத்து அறையில் கணவர், கதவுக்கு வெளியே குழந்தை. யார் காதிலாவது விழுமோ என்று குரலைத் தாழ்த்தி, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, வேலையைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் மட்டும் பேசி முடித்துவிடுவோம். அப்படிப் போனால் எவ்வளவு நல்ல தெரபிஸ்ட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதலில் ஒரு இடம் தேடுங்கள். கதவு சாத்தக்கூடிய அறை, நிறுத்தி வைத்த கார், ஒரு தோழி வீட்டு மாடி, எதுவானாலும் சரி. ஹெட்செட் போடுங்கள், கதவுக்கு வெளியே மின்விசிறியை ஓட விட்டால் பேச்சு அவ்வளவாகக் கேட்காது. திரையில் உங்கள் முகம் தெரிவதை மறைத்துவிடுங்கள். அழும்போது நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது இன்னும் வாட்டும்.

முடிந்த பிறகு என்ன என்பதையும் யோசித்து வையுங்கள். நேரில் போனால் திரும்பி வரும் வழி ஒன்று இருக்கும். மனம் அந்த நேரத்தில் கொஞ்சம் அடங்கும். ஆன்லைனில் பேசி முடித்த அடுத்த நிமிடம் குழந்தை மடியில் ஏறிவிடும். அம்மாவின் கடைசி நாள்களைப் பற்றிப் பேசிவிட்டு அப்படியே வீட்டு வேலைக்குள் போவது கொடுமை. கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நடந்துவிட்டு வாருங்கள், அல்லது சும்மா உட்காருங்கள். திரைக்கு முன் சிலர் எதிர்பார்த்ததைவிட வேகமாக மனம் திறந்துவிடுகிறார்கள், அப்புறம் தனியாகத் தவிக்கிறார்கள். அப்படி நேர்ந்தால் அடுத்த முறை அதையே முதலில் சொல்லுங்கள்.

நாலைந்து செஷன் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நிம்மதியாக இருக்க வேண்டும் என்றில்லை. சில நாள் கனமாகத்தான் இருக்கும். இவர் நான் சொல்வதைக் கேட்கிறாரா, எங்கே போகிறோம் என்று எனக்குப் புரிகிறதா, போன முறை சொன்னது அவருக்கு நினைவிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மாற்றிவிடுங்கள். ஒருவரை மாற்றிவிட்டால் தெரபியே தோற்றது என்று அர்த்தமில்லை. ஆன்லைனில் மாறுவது எளிது என்பது அதன் பெரிய வசதி.

இதோடு ஒரு பொது மருத்துவரை நேரில் பாருங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இப்படிச் சோர்வையும் எரிச்சலையும் கொண்டுவரும்; ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தூக்கமின்மைக்கு என்றே ஒரு சிபிடி முறை இருக்கிறது, அது ஆன்லைனிலும் நன்றாகவே பலன் தருகிறது. தெரபிஸ்ட்டிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

கணவரோடு வாதம் செய்ய வேண்டாம். போனில் பேசினால் சரியாகுமா என்ற கேள்விக்கு அவர் இப்போதே பதில் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. காலையில் எழவே பிடிக்காத நாள்கள் வருகின்றன என்று மட்டும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு, வாரத்தில் ஒரு நாள் ஒன்றேகால் மணி நேரம் குழந்தையை அவர் வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும்.