விரலுக்கு எப்படித் தெரியுது?

வணக்கம் சார்,

அஸ்தம்பட்டில இன்ஸ்டிட்யூட் போயி டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ நான், இன்னிக்கு வரைக்கும் டைப்பிங் வேலைதான். பையன் 'சி' எந்த விரல்லம்மா அடிக்கணும்னு கேட்டான், சொல்லத் தெரியல, டேபிள் மேல அடிச்சுப் பாத்துட்டுதான் சொன்னேன். மனுஷன் கத்துக்கிறதை கம்ப்யூட்டர்ல மாடல் போட்டுப் பாக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. இதுக்கு அதுல விளக்கம் இருக்கா? அவனையும் ஏ-எஸ்-டி-எஃப்-ஜி-எஃப்னு ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்ப அடிக்க விடவா?

வாசகி, அம்மாபேட்டை

வணக்கம்ங்க,

சொல்லத் தெரியாததுல தப்பே இல்ல. 1987ல நிஸ்ஸன், புல்லெமர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை வெச்சாங்க, ஸ்கிரீன்ல நாலு இடம், லைட் எங்க வருதோ அதுக்கான பட்டனை அமுக்கணும், அவ்ளோதான், ஆனா 10 லைட்டுக்கு ஒருக்கா அதே வரிசை திரும்பத் திரும்ப வரும், அதை யாருக்கும் சொல்லல. போகப்போக கை வேகமாயிருச்சு. கோர்சகாஃப் நோயால ஞாபகம் போனவங்களுக்கும் வேகம் கூடுச்சு, ஆனா வரிசைன்னு ஒண்ணு இருந்ததையே அவங்க கவனிக்கல.

இதே மாதிரி சோதனைக்கு 1991ல கிளியர்மன்ஸும் மெக்கிளலாண்டும் ஒரு மாடல் போட்டாங்க. எல்மன்ங்கிறவர் 1990ல எழுதின நெட்வொர்க்தான் அது, அதாவது மூளை நரம்பு மாதிரி சின்னச் சின்ன இணைப்புகளால ஆன கம்ப்யூட்டர் மாடல். அதுக்குள்ள வரிசைன்னு லிஸ்ட் எதுவும் கிடையாது. அடுத்து என்ன வரும்னு ஊகிக்கும், தப்பாப் போச்சுன்னா உள்ள இருக்குற இணைப்புகளை லேசா மாத்திக்கும், கூடவே போன தடவை தன் நிலை என்னவா இருந்துச்சோ அதையும் சேத்துப் பாத்துக்கும், அதனால அதே லைட்டா இருந்தாலும் முன்னாடி வந்தது வேறன்னா ஊகமும் வேற. லிஸ்ட்டே இல்லாதப்ப பையன்கிட்ட எதைப் பாத்து ஒப்பிக்கிறது?

ஆனா உங்க விரல் கதைக்கு எனக்குப் பிடிச்சது ரூமெல்ஹார்ட், நார்மன் 1982ல போட்ட டைப்பிங் மாடல். (அது கத்துக்காது, கத்து முடிச்ச கை எப்படி அடிக்குதுன்னு மட்டும் காட்டும்.) இங்கிலீஷ்ல ஏற்காடுன்னு அடிச்சுப் பாருங்க, ஒய்-இ-ஆர்-சி-ஏ-யு-டி. 'ஒய்' முடிஞ்சதும் இடது கை இ-ஆர்-சி-ஏ அடிச்சிட்டிருக்கும்போதே வலது ஆள்காட்டி விரல் 'யு' பக்கம் நகர ஆரம்பிச்சிரும். ஒரு எழுத்து முடிஞ்சப்புறம்தான் அடுத்ததுன்னு இல்ல, எல்லா எழுத்தும் ஒண்ணாவே கிளம்புது, முன்னாடி இருக்கிறது பின்னாடி இருக்கிறதை அடக்கி வெக்குது. அதனாலதான் 'புக்'னு அடிக்கப் போயி பி-ஓ-கே-கேன்னு விழுகும், 'ரெட்டை'ங்கிற உத்தரவு தனியா இருந்து பக்கத்து எழுத்துல போய் ஒட்டிக்குது. மாடலும் இதே மாதிரி தப்பு பண்ணும், நான் அதை நம்பறதுக்கு அதுதான் காரணம், வேகம் ஒத்துப்போறதை யாரு வேணா காட்டிரலாம்.

பையனுக்கு ஏ-எஸ்-டி-எஃப் கொஞ்ச நாள் போதும், விரல் இடம் பழகட்டும். அப்புறம் கலந்து குடுங்க. ஷே, மார்கன் 1979ல பாத்தது இது, ஒண்ணை முழுசா முடிச்சிட்டு அடுத்ததுன்னு பழகினவங்க பழகும்போது நல்லா செஞ்சாங்க, கலந்து பழகினவங்க பின்னாடி டெஸ்ட்ல ஜெயிச்சாங்க. அது டைப்பிங் இல்ல, மரக்கட்டையைத் தட்டி விடுற வேலை, ஆனாலும் நான் அதைத்தான் நம்புவேன்.

அவன் அடிச்ச ஒரு பக்கத்தை பேக்ஸ்பேஸ் தொடாம அனுப்பி வைங்க, தப்பைப் பாத்துட்டு மீதியச் சொல்றேன்.