கணினி கேள்வி – பதில்: தனி டெவ் அடைவில் எதைப் படைப்பது, எதை ஒட்டுவது?

கேள்வி: நான் கஞ்சிக்கோட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் லினக்ஸ் சர்வரில் கியூஎமு என்ற மென்பொருள் வழியாக ஓடும் ஒரு மெய்நிகர் எந்திரத்துக்கு எடைமேடையின் யுஎஸ்பி சீரியல் கருவி, எல்விஎம் என்ற வட்டு மேலாண்மை வசதியால் பிரித்த ஒரு வட்டுப் பகுதி, சாதனக் கோப்புகள் இருக்கும் டெவ் அடைவுக்குள் வேறொரு நிரல் திறந்து வைத்திருக்கும் சாக்கெட் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாயில்) ஆகிய மூன்றும் தேவை. மற்ற சாதனங்கள் அதற்குத் தெரியாதிருக்க, தனி மவுண்ட் நேம்ஸ்பேஸில் (அந்த நிரலுக்கு மட்டும் தெரியும் தனிக் கோப்பமைப்பில்) புதிய டெவ் அடைவைக் கட்டும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதினேன். சிம்லிங்க் (வேறொரு பாதையைச் சுட்டும் கோப்பு) என்றால் அப்படியே நகலெடுக்கும்; மற்றவற்றை, சாதனக் கோப்பு போன்றவற்றை உருவாக்கும் எம்க்நோட் அழைப்பால் அதே வகையில் படைக்கும். வட்டு வேலை செய்கிறது. எடைமேடையோ ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்கிறது. சாக்கெட் ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்கிறது. எங்கே தவறு? – வாசகர், கொழிஞ்சாம்பாறை.

பதில்: எல்லாவற்றையும் எம்க்நோட்டால் படைக்கலாம் என்று எண்ணியதுதான் சிக்கலின் வேர். பிளாக், கேரக்டர் ஆகிய இரு வகைச் சாதனக் கோப்புகளில் இருப்பது வகையும், மேஜர், மைனர் என்ற இரண்டு எண்களும் மட்டுமே. உங்கள் எடைமேடைக் கருவி முதல் யுஎஸ்பி சீரியல் கருவியாக இருந்தால் அதன் எண்கள் 188, 0. தொலைபேசி எண்ணை எந்தத் தாளில் எழுதி வைத்தாலும் அதே வீட்டில்தான் மணி அடிக்கும் என்பதுபோல, அந்த எண்களோடு எங்கே ஒரு கோப்பைப் படைத்தாலும் லினக்ஸின் கருவான கெர்னல் அதே டிரைவரிடம்தான் போகும். வட்டு வேலை செய்வது இதனால்தான்.

சாக்கெட்டுக்கு இப்படி எண் கிடையாது. காத்திருக்கும் நிரல் தன்னைப் பிணைத்துக்கொண்டது மூலக் கோப்பின் ஐநோடோடு (கோப்பமைப்பில் ஒரு கோப்பைக் குறிக்கும் பதிவோடு). நீங்கள் அதே பெயரில் படைத்தது யாரும் கேட்டுக்கொண்டிராத வேறொரு ஐநோடு என்பதால், இணைப்பு மறுக்கப்படுவது இயல்பே. பெயருள்ள பைப்பைப் புதிதாகப் படைத்தால் பிழைகூட வராது. மறுமுனையில் யாரும் இல்லாமல் நிரல் காத்துக் கிடக்கும். சாதாரணக் கோப்போ வெறுமையாகப் பிறக்கும். எனவே சாக்கெட், பைப், சாதாரணக் கோப்பு, அடைவு ஆகியவற்றைப் படைக்காமல், மூலத்தையே பைண்ட் மவுண்ட் மூலம் (இருப்பதையே இன்னோர் இடத்திலும் தெரியச் செய்யும் முறையில்) ஒட்ட வேண்டும். ஒட்டுமிடம் முன்னதாக இருக்க வேண்டும்: மூலம் அடைவானால் வெற்று அடைவு, வேறு எதுவானாலும் வெற்றுக் கோப்பு. சாக்கெட்டை ஒட்டுவதற்கு அங்கே ஒரு சாக்கெட்டே இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவசரத்தில் அடைவைப் படைத்து அதன்மேல் கோப்பை ஒட்ட முயன்றால் ‘அடைவு அல்ல’ என்று கெர்னல் திருப்பி அனுப்பும்.

இதில் வரிசையும் முக்கியம். நினைவகத்திலேயே இருக்கும் கோப்பமைப்பான டெம்ப்எஃப்எஸ் ஒன்றைப் புதிதாக வேறோர் இடத்தில் கட்டி, மூல டெவ் இன்னும் கண்ணில் படும்போதே எல்லாவற்றையும் ஒட்டி முடித்து, பிறகுதான் அதை டெவ் மீது நகர்த்த வேண்டும். மெய்நிகர் எந்திரங்களை நிர்வகிக்கும் லிப்வெர்ட் மென்பொருளும் ஏறத்தாழ இப்படித்தான் செய்கிறது. அந்த டெம்ப்எஃப்எஸ்ஸில் ‘நோடெவ்’ விருப்பம் இருந்தால், சாதனக் கோப்புகள் கண்ணுக்குத் தெரிந்தும் திறக்காது.

இனி எடைமேடை. நீங்கள் கொடுத்த பாதை, சீரியல் அடைவில் கருவியின் பெயரால் அமைந்த ஒரு சிம்லிங்க். அதை நகலெடுத்தீர்கள், அது சுட்டும் கோப்பைப் படைக்கவில்லை. சிம்லிங்க்கைப் பின்தொடராமல் அதன் விவரத்தையே தரும் எல்ஸ்டாட் அழைப்பால் அது இணைப்பு (சிம்லிங்க்) என்று அறிந்ததும் அதை நகலெடுத்து, அது சுட்டும் பாதையை இணைப்பு இருக்கும் அடைவிலிருந்து கணக்கிட்டு, இணைப்பல்லாத ஒன்று கிடைக்கும்வரை அதே வேலையைத் தொடருங்கள். ஒன்றையொன்று சுட்டும் இணைப்புகளில் நிரல் சுழலாதிருக்க ஓர் உச்சவரம்பு வையுங்கள்; கெர்னல் தனக்கு வைத்திருக்கும் வரம்பு 40. பாதை டெவ் அடைவை விட்டு வெளியே போனால் அங்கே எதையும் படைக்க வேண்டாம். வட்டுக்கு இணைப்பைக் கொடுக்காமல் கெர்னல் அந்த வட்டுப் பகுதிக்குத் தரும் டிஎம் எண்ணை நேரடியாகக் கொடுத்ததால் தப்பித்திருக்கிறீர்கள். அந்த எண் மறுதொடக்கத்துக்குப் பின் மாறக்கூடும் என்பதால் அதையும் இணைப்புக்கு மாற்றுவதே நல்லது.

எம்க்நோட்டுக்குக் கொடுத்த அனுமதிகளை, புதிய கோப்புகளின் அனுமதிகளைக் கட்டுப்படுத்தும் யூமாஸ்க் அமைப்பு குறைத்துவிடும். ஆகவே உரிமையாளரையும் அனுமதியையும் பிறகு தனியாக அமைத்து, ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு அமைப்பின் குறியீடு ஆகியவற்றையும் மூலத்திலிருந்து எடுத்துவாருங்கள். எடைமேடையின் கம்பியை யாராவது பிடுங்கிச் செருகினால் மைனர் எண் 1 ஆகலாம். சாதனக் கோப்புகளைத் தானாக நிர்வகிக்கும் யூடெவ் உங்கள் தனி அடைவைத் தொடாது என்பதால் அந்தக் கோப்பை நீங்களே மறுபடி படைக்க வேண்டும்.

கேள்வி: லிப்வெர்ட் கட்டும் இந்தத் தனி டெவ் அடைவையே நிறுத்திவிடலாமா? – வாசகர், சித்தூர்.

பதில்: நிறுத்தலாம். 2017 ஜனவரியில் வந்த 3.0.0 பதிப்பிலிருந்து இருக்கும் இந்த வசதியை, கியூஎமு அமைப்புக் கோப்பில் நேம்ஸ்பேஸ் பட்டியலை வெறுமையாக்கி அணைக்க முடியும். அதன்பின் லிப்வெர்ட் சேவையை மறுபடி தொடங்க வேண்டும். ஏற்கெனவே ஓடும் எந்திரங்கள் அணைத்துத் தொடங்கும்வரை பழைய அடைவிலேயே இருக்கும். சிகுரூப் (நிரல்களின் வளப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் கெர்னல் வசதி), எஸ்இலினக்ஸ் ஆகியவற்றின் தடுப்புகள் எஞ்சியிருக்கும் என்றாலும், பிழையின் மூலத்தைக் கண்டறியும் சோதனைக்கு மட்டும் அணைத்துப் பார்த்துவிட்டு, பழையபடி வைப்பதையே நான் சொல்வேன்.