எலிக்கு மருந்து கொடுக்க மாணவர் தயார் என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் வேலை பார்க்கிறேன். எம்.பார்ம் மருந்தியல் மாணவர்கள் ஆறு பேர் என் பொறுப்பில் இருக்கிறார்கள். ஆறு பேருமே பத்து முறைக்கு மேல் ஓரல் ஃபீடிங் (முனை மழுங்கிய நீண்ட ஊசியால் வாய் வழியாக இரைப்பைக்கே மருந்து கொடுப்பது) செய்ததாக லாக் புக்கில் கையெழுத்து வாங்கியவர்கள்தான், வைவாவிலும் நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஆய்வு தொடங்கிய இரண்டாம் நாளே, மருந்து கொடுத்த சில நிமிடத்தில் இரண்டு எலிகள் செத்துப்போயின. யாரைத் தனியாக விடலாம் என்று முடிவுசெய்ய ஒரு வழி சொல்லுங்கள். எலிகளும் குறைவு, பணமும் குறைவு.

பதில்: டீச்சர், அந்த இரண்டு எலிகளையும் திறந்து பார்த்தீர்களா? பார்க்காவிட்டால், இனி ஒன்று இறந்தால் அன்றைக்கே பாருங்கள். நுரையீரலில் திரவம் இருந்தால் ஊசி மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது. அல்லது வேகமாக ஊற்றியதில் மேலே வந்து மூச்சில் ஏறியிருக்கிறது. உணவுக்குழாயில் கிழிசல் இருந்தால், தடுத்த இடத்தில் கை தள்ளியிருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் பிடியையும் மருந்தின் அளவையும் சந்தேகப்பட வேண்டும். நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் எலியால் மூச்சு விட முடியாது. காரணம் எது என்று தெரிந்தால்தான் எதைத் திருப்பிச் சொல்லிக்கொடுப்பது என்பது தெரியும். இரண்டு மரணத்தையும் விலங்கு ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் உங்கள் கல்லூரி எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆய்வைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். கமிட்டியில் கால்நடை மருத்துவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். கூட்டத்தில் கையெழுத்து வாங்குவதோடு விடாமல், அவரை அனிமல் ஹவுஸுக்குள் கூப்பிடுங்கள்.

இப்போது லாக் புக் விஷயம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டப் பழகுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிறு வயதில் எங்கள் தோட்டத்தில் பழக வந்தவனை அப்பா நல்ல மரத்தில் கத்தி வைக்க விடமாட்டார். முறித்து மாற்றப்போகிற கிழட்டு மரம்தான் முதலில். அன்றைக்கு எத்தனை மரம் வெட்டினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மறுநாள் விடியற்காலையில் டார்ச் அடித்து வெட்டுத் தடத்தைப் பார்ப்பார், கத்தி உள்ளே இறங்கி மரம் காயப்பட்டிருக்கிறதா என்று. எலி விஷயத்திலும் அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். பத்து முறை செய்தார் என்பது வெறும் எண்ணிக்கை. பத்திலும் தப்பாகச் செய்திருந்தால் அந்தத் தப்புதான் கையில் படிந்திருக்கும்.

பயிற்சியை இப்படிக் கொண்டுபோங்கள். முதல் வாரம் சிரிஞ்ச் வேண்டாம். தினமும் பத்து நிமிடம் எலியை எடுப்பது, கையில் வைத்திருப்பது, எடை பார்ப்பது, திரும்ப விடுவது, அவ்வளவுதான். மனிதக் கைக்குப் பழகிய எலி பாதி வேலையை மிச்சப்படுத்தும். சுண்டெலி வைத்திருந்தால் வாலைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, பிவிசி குழாய்த் துண்டுக்குள் நுழையவைத்தோ குவித்த கையிலோ எடுக்கச் சொல்லுங்கள். அப்படி எடுத்த சுண்டெலிகளுக்குப் பதற்றம் குறைகிறது என்று 2010-லேயே ஆய்வு வந்துவிட்டது. அந்தக் குழாய் நம்மூர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

அடுத்தது இறந்த எலி. அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வு முடிந்து கருணைக்கொலை செய்யப்பட்ட, நோய்த்தொற்று இல்லாத எலிகளை எறியாமல் ஃப்ரீசரில் வையுங்கள். உறைவு நீங்கியதும் மாணவர் நீல வண்ணம் கலந்த தண்ணீரை ஃபீடிங் நீடில் வழியாகக் கொடுக்கட்டும். பிறகு அவரே வயிற்றையும் நெஞ்சையும் திறந்து பார்க்கட்டும். நீலம் இரைப்பையில் இருக்கிறதா, நுரையீரலில் இருக்கிறதா? தன் கை எங்கே போனது என்று ஒருவர் தன் கண்ணாலேயே பார்க்கிற அந்த நிமிடத்துக்கு எந்த வகுப்பும் ஈடில்லை. செலவு ஒரு சிட்டிகை நிறப்பொடிதான். இறந்த எலி விழுங்காது, திமிறாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்தப் பாடத்துக்கு உயிருள்ள எலி தேவைப்படும். பயிற்சிக்காகப் பயன்படுத்தும் எலிக்கும் கமிட்டியின் அனுமதி வேண்டும்.

உயிருள்ள எலிக்கு முதலில் வெறும் தண்ணீர்தான், நீங்களோ கால்நடை மருத்துவரோ பக்கத்தில் நிற்க. எலியை நிமிர்த்தி, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் வரப் பிடிக்க வேண்டும். அதற்கு முன்பே ஊசியை எலியின் உடம்புக்கு வெளியே வைத்து, வாயிலிருந்து கடைசி விலா வரை அளந்து குறி போட்டிருக்க வேண்டும். முன்பல்லின் ஓர இடைவெளி வழியாக நுழைத்து, மேலண்ணத்தை ஒட்டிக் கொண்டுபோனால் எலி விழுங்கும். அப்போது ஊசி கிட்டத்தட்ட தன் எடையிலேயே இறங்கும். இறங்கவில்லையென்றால் தள்ளக்கூடாது. வெளியே எடுத்து, எலியை ஆசுவாசப்படுத்தி, மறுபடி முயலலாம். இருமினாலோ மூக்கில் நீர் வந்தாலோ அன்றைக்கு அந்த எலிக்கு அதோடு சரி. அளவு கிலோவுக்கு 10 மில்லியைத் தாண்ட வேண்டாம். 200 கிராம் எலிக்கு 2 மில்லி. எடை அன்று காலையில் பார்த்ததாக இருக்க வேண்டும், போன வாரத்து எடை கூடாது.

சரி, மதிப்பீடு. வைவாவில் வாய்தான் பதில் சொல்கிறது, உங்களுக்குத் தெரிய வேண்டியது கையைப் பற்றி. மாணவர் கூண்டைத் திறப்பதிலிருந்து எலியைத் திரும்ப விட்டுப் பத்து நிமிடம் கவனிக்கும் வரை ஒருவர் முழுதும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கையில் ஒரு பக்கத் தாள் போதும். எடை பார்த்தாரா, ஊசியை அளந்தாரா, பிடி சரியா, தடுத்தபோது நின்றாரா, பிறகு எலியைக் கவனித்தாரா என்று கண்ணால் பார்க்கக்கூடியவற்றை மட்டும் அதில் எழுதுங்கள். ‘நன்றாகச் செய்தார்’ என்ற வரிக்கு அதில் இடம் வேண்டாம். தடுத்த இடத்தில் தள்ளினால், எடை பார்க்காமல் கொடுத்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அன்றைக்குத் தேர்ச்சி கிடையாது. மதிப்பெண்ணும் வேண்டாம். கைபிடித்து உதவ வேண்டும், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், தனியாகச் செய்யலாம் என்று மூன்று நிலை போதும். நான் வைத்திருந்த கணக்கு, வெவ்வேறு மூன்று நாட்களில் மூன்றாம் நிலை வந்தால்தான் தனியாக விடுவது. மூன்றில் ஒரு நாளாவது சொல்லிக்கொடுத்தவர் அல்லாத ஒருவர் பார்க்க வேண்டும். நாம் பழக்கிய பிள்ளை என்றால் நம் கண் கொஞ்சம் இளகிவிடும்.

எலியும் ஒரு மதிப்பீட்டாளர்தான். விட்டபிறகு சீராக மூச்சு விடுகிறதா, மூலையில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்திருக்கிறதா, கண் பாதி மூடியிருக்கிறதா, ரோமம் சிலிர்த்து நிற்கிறதா என்று பாருங்கள். கண்ணோரமோ மூக்கிலோ சிவப்புக் கசிவு தெரிந்தால் ரத்தம் என்று பயப்பட வேண்டாம். அநேகமாக அது போர்ஃபைரின் என்ற சிவப்பு நிறப்பொருள், எலி மன அழுத்தத்தில் இருந்தாலோ உடம்பு சரியில்லாமல் இருந்தாலோ வரும். ஆனால் அலட்சியமும் வேண்டாம், தாளில் எழுதுங்கள். மறுநாள் எடை குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் தேர்ச்சி என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இன்னொன்று, இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். தப்பு செய்தால் மதிப்பெண் போகும் என்று தெரிந்தால் பிள்ளைகள் தப்பை மறைப்பார்கள். லாக் புக்கில் ‘நிறுத்தினேன்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். தடுத்ததும் கையை எடுத்து உங்களைக் கூப்பிட்டவரை எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள். ஒரு மாணவி நடுங்கும் கையோடு, “சார், எனக்குச் சரியாப் படல, நீங்க பாருங்க” என்று சிரிஞ்சை நீட்டினாள். அன்று அங்கே இருந்தவர்களில் தனியாக விடத் தகுதிக்கு மிகப் பக்கத்தில் நின்றவள் அவள்தான்.

ஓரல் ஃபீடிங்கில் தேறியவருக்கு வயிற்றில் ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ அனுமதி தானாக வராது. ஒவ்வொரு செய்முறைக்கும், எலிக்கும் சுண்டெலிக்கும் தனித்தனித் தாள் வேண்டும். தனியாகச் செய்யும் நிலை ஒருமுறை கிடைத்தால் என்றைக்கும் இருக்காது. செமஸ்டர் விடுமுறை, ப்ராஜெக்ட் எழுதும் மாதங்கள் என்று மூன்று மாதம் எலியைத் தொடாதவர் மறுபடி ஒருமுறை செய்து காட்டட்டும்.

மேலிடத்தில் நேரமில்லை, ஆய்வைத் தொடங்குங்கள் என்று அவசரப்படுத்தினால் 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 17-வது பிரிவைக் காட்டுங்கள். கல்லூரியில் நடக்கும் பரிசோதனைக்குப் பொறுப்பு நிறுவனத் தலைவருடையது என்று அதில் இருக்கிறது. புத்தகமும் மாதிரியும் படமும் போதும் என்கிற இடத்தில் விலங்கைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான். ஆறு பேரின் பழைய கையெழுத்துகளையும் கோடு போட்டு அடித்துவிட்டு, திங்கட்கிழமை எலியைக் கையில் எடுத்துப் பழகுவதிலிருந்து தொடங்குங்கள். இறந்த எலியின் முறை வரும்போது முதல் நீலத் தண்ணீரை நீங்களே கொடுத்து, நீங்களே திறந்து காட்டுங்கள்.