குழந்தை முகத்தைத் திருப்பினால் பயப்பட வேண்டுமா?

(காங்கேயத்திலிருந்து ஓர் இளம் தாய்: 12 நாள் மகன் மார்பில் வைத்ததும் முகத்தைத் திருப்பி அழுகிறான். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு மார்பைக் கழுவிப் பவுடர் பூசுகிறேன். காம்பைச் சுற்றிப் பருப்போல இருக்கிறது, களிம்பும் பூசினேன். என் வியர்வை வாடையும் மாறிவிட்டது, அவன் தலையில் புளித்த பால் மணம். சிசேரியன் ஆனதால் என் வாசனை அவனுக்குப் படியவே இல்லையா, டாக்டர்?)

உங்கள் வாசனை அவனுக்கு நன்றாகத் தெரியும், அம்மணி. வயிற்றுக்குள்ளேயே பனிக்குட நீரை மோந்து பழகியவன். சீம்பாலிலும் அதே சாயல் உண்டு. சிசேரியனில் பிறந்தால் ஒட்டுதல் வராது என்று இணையத்தில் படித்ததை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அவன் திரும்புவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒவ்வொரு முறையும் கிருமிநாசினி சோப்புப் போட்டு மார்பைக் கழுவிப் பவுடரும் பூசுவதுதான். 1994-இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனே 30 குழந்தைகளைத் தாயின் மார்புகளுக்கு நடுவே கிடத்தினார்கள். ஒரு மார்பு கழுவியது, மற்றது கழுவாதது. 22 குழந்தைகள் கழுவாத பக்கமே போயின. காம்பைச் சுற்றிப் பருப்போல இருக்கிறதென்று நீங்களாகக் கடையில் களிம்பு வாங்கிப் பூசினீர்களே, அவை மாண்ட்கோமரி சுரப்பிகள். கர்ப்பத்தில் பெரிதாகிக் குழந்தையை இழுக்கும் வாசனையைச் சுரப்பவை. கிள்ளவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஒன்று மட்டும் சிவந்து, வலித்து, சீழ் வைத்தால் காட்டுங்கள்.

விலங்குகளும் வாசனையால் சேதி சொல்லும். கரூர் மாவட்டத்துக் கடவூர்க் காட்டுத் தேவாங்கு தன் சிறுநீரைக் கை கால்களில் தேய்த்துக்கொண்டு, போகிற கிளையெல்லாம் வாசனை வைத்துவிட்டுப் போகும். அந்தச் சேதியைப் படிக்க அதற்கு மூக்கினுள் தனி உறுப்பு உண்டு. கோயில் குரங்குக்கும் நமக்கும் அது வேலை செய்வதில்லை. சாதாரண மூக்கே போதுகிறது. ஓர் உயிர் வெளியிட்டுத் தன் இனத்துக்குச் சேதி சொல்லும் பொருளைப் பெரோமோன் என்பார்கள். மனிதரின் பெரோமோன் இதுதான் என்று எந்தப் பொருளும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பெயரில் விற்கும் ஸ்பிரேயை வாங்காதீர்கள்.

குளிக்கும்போது வெறும் தண்ணீர் போதும். சாம்பிராணிப் புகை குழந்தையின் மூச்சுக்குழலை உறுத்தும், உங்கள் அமுச்சி சொன்னாலும் வேண்டாம். பாதி சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை இடுப்புத் துணியோடு மட்டும் வெறும் மார்பில் கிடத்தி, முதுகைப் பருத்திச் சேலையால் மூடுங்கள். மூக்கு அழுந்தக் கூடாது, உங்களுக்கும் தூக்கக் கலக்கம் இருக்கக் கூடாது. ஒரு சொட்டுப் பாலைப் பிழிந்து காம்பில் தடவிக் காத்திருங்கள். தலையைப் பிடித்துத் திணித்தால் இன்னும் முரண்டு பிடிப்பான்.

உங்கள் வியர்வை வாடை மாறியதற்கும், அவன் தலையில் புளித்த பால் மணத்துக்கும் பயப்பட ஒன்றுமில்லை.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. நேற்று வரை நன்றாக உறிஞ்சிய குழந்தை இன்று உறிஞ்சாமல் துவண்டு கிடந்தால், அதற்கும் வாசனைக்கும் சம்பந்தமில்லை. வாசனை குழம்பிய குழந்தை அழும், கையைச் சப்பும், மறுபடி தேடும். ரத்தத்தில் கிருமி பரவிய குழந்தை தேடாது. எழுப்பினாலும் சரியாக விழிக்காது. காய்ச்சல் இல்லாமலும் இது வரும். அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல், 35.5-க்குக் கீழே, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, அமைதியாக இருக்கும்போதும் மூச்சு இழுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல் என எது தெரிந்தாலும் அந்த நேரமே 108-ஐக் கூப்பிடுங்கள். கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு என்று ஒரு மணி நேரம்கூடக் கழிக்காதீர்கள்.

உங்கள் மகன் ஒரு நாளைக்கு 8 தடவை சிறுநீர் கழிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். 6-க்குக் குறையாதவரை நல்லது. 14-ஆம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை போடுங்கள். பிறந்த எடைக்குத் திரும்பாமல் இருந்தால் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.