5 காசுப் பையும் 25 கிலோ மூட்டையும்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக் குப்பையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கோபம்தான் வந்தது. நம் வீட்டுக் குப்பை துவாஸில் எரிகிறது, சாம்பல் செமாக்காவ் தீவின் குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. கடலுக்கு எங்கே போகிறது? கரையில் ஒதுங்கும் பாட்டில்களைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் வெளிநாட்டு லேபிள்தான். அப்புறம் எதற்காக நான் பேரங்காடியில் ஒரு பைக்கு 5 காசு கொடுத்துவிட்டுக் குற்றவாளி மாதிரி நிற்க வேண்டும்? ஆமைப் படத்தைக் காட்டியே எல்லாவற்றையும் சாதாரண ஆளின் தலையில் கட்டுகிறார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எனக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். 2025ல் கேரளாப் பக்கம் கப்பல் மூழ்கிய பிறகு எங்கள் கரையில் ஜவ்வரிசி கொட்டினாற்போல் வெள்ளை மணிகள் ஒதுங்கின. தம்பி படம் அனுப்பினான். நான் இங்கே ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். எங்களிடம் மூட்டை மூட்டையாய் வரும் பிளாஸ்டிக் மூலப்பொருள் மணிகளும் இதேதான் என்று படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இதனால் மீனுக்கு என்ன ஆகும்? அம்மா மீன் வாங்கவே பயப்படுகிறார். தம்பி அதை எப்படி அள்ளுவது என்றும் கேட்கிறான்.

அன்புடன்,
ஜெ., பூன் லே

அன்புள்ள ஜெ.,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதை முதலில் பேசிவிடலாம்.

செமாக்காவ் 1999 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை வளைத்துக் கட்டி, கசிவு வெளியே போகாமல் விரிப்பு போட்டு, அதற்குள்தான் எரித்த சாம்பலைக் கொட்டுகிறார்கள். தேக்கா சந்தையில் மீனுக்கு ஒன்று, அதன்மேல் இன்னொன்று, கீரைக்குத் தனியாக ஒன்று என்று கடைக்காரர் இன்றைக்கும் சும்மா கொடுக்கிற பை, ஒழுங்காக வீட்டுக் குப்பையில் போய்ச் சேர்ந்தால் எந்த ஆமையின் வயிற்றுக்கும் போகப்போவதில்லை. 2023 ஜூலை 3ஆம் தேதி தொடங்கிய 5 காசுக் கட்டணம் குப்பையின் அளவைக் குறைப்பதற்கானது. செமாக்காவ் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். அதற்குப் பிறகு சாம்பலை எங்கே கொட்டுவது என்பது இந்தத் தீவின் தலைவலி. இங்கே உருவாகும் பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போவது அண்மைய ஆண்டுகளில் 5, 6 விழுக்காடுதான். ஆகவே அந்தக் கட்டணத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதற்கு விளம்பரமாக ஆமையை இழுத்து வருவது எனக்கும் பிடிக்காது.

லேபிள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் தென்கரைக்குக் கடலிலிருந்து குப்பை அடித்து வருவது உண்மை. பாட்டிலில் இந்தோனேசிய எழுத்து இருப்பதாலேயே அதை எறிந்தவர் இந்தோனேசியக் கரையில் நின்றார் என்று சொல்லிவிட முடியாது. தென் அட்லாண்டிக்கின் நடுவில், ஆள் குடியில்லாத இன்அக்ஸசிபிள் தீவில் ஒதுங்கிய பாட்டில்களைப் பீட்டர் ரயன் என்ற ஆய்வாளரின் குழு ஆராய்ந்து 2019ல் முடிவுகளை வெளியிட்டது. பாட்டில்களில் பெரும்பாலானவை ஆசியாவில், அதிலும் சீனாவில் தயாரானவை. தயாரிப்புத் தேதியோ மிகச் சமீபம். ஆசியாவிலிருந்து அவ்வளவு தூரம் மிதந்து வர அந்தக் காலம் போதாது. கப்பல்களிலிருந்து வீசியிருக்கிறார்கள் என்ற முடிவுக்குத்தான் அவர்கள் வந்தார்கள். கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் போடக்கூடாது என்ற சர்வதேச விதி 1988 டிசம்பர் கடைசியிலிருந்தே நடப்பில் இருக்கிறது. நம் வாசலில் கப்பல்கள் எப்படி வரிசை கட்டி நிற்கும் என்பது ஈஸ்ட் கோஸ்ட்டில் சாயங்காலம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

இனி உங்கள் தம்பி அனுப்பிய படத்துக்கு வருகிறேன். உங்கள் முதல் கேள்விக்கான மீதிப் பதிலும் அதில்தான் இருக்கிறது. நீங்கள் போட்ட கணக்கு, நாம் பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கை மட்டும் எண்ணுகிறது. பையாகவோ பாட்டிலாகவோ ஆவதற்கு முன்பே, யார் கையிலும் படாமலே, கடலுக்குப் போய்விடும் பிளாஸ்டிக் அதில் வரவே இல்லை. அந்தப் பிளாஸ்டிக்கின் பாதையில் சிங்கப்பூர் ஓரமாக நிற்கவில்லை, நட்ட நடுவில் நிற்கிறது.

ஏழு தீவுகளை மண் நிரப்பி ஒன்றாக்கிய ஜூரோங் தீவில் நடப்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். கச்சா எண்ணெயிலிருந்து பிரித்த நாஃப்தாவை உடைத்து எத்திலீன், எத்திலீனைக் கோத்துப் பாலிஎத்திலீன், அதை உருக்கி நூலாய் இழுத்துத் துண்டு துண்டாய் நறுக்கினால் இந்த மணிகள். ஒரு மணி 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும், எடை 20, 30 மில்லிகிராம். உங்கள் கிடங்கில் அடுக்கியிருக்கும் 25 கிலோ மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 10 லட்சம் மணிகள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபோர்க்லிஃப்ட்டின் முள் ஒரு மூட்டையில் பட்டால் என்ன நடக்கும் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். கூட்டி அள்ளுவார்களா, ஹோஸ் பைப்பைத் திறந்து தள்ளிவிடுவார்களா? நம் ஊரில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும். மழைநீர் வடிகாலில் விழுந்தது வாய்க்கால் வழியாக நீர்த்தேக்கத்துக்குப் போகும், இல்லையென்றால் நேரே கடலுக்குத்தான். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரைவிட இலேசானவை, மிதந்துகொண்டே போய்விடும். கடலில் பிளாஸ்டிக் மணிகள் மிதப்பதை 1972லேயே விஞ்ஞானிகள் ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். ஐம்பது ஆண்டு கடந்த சங்கதி இது.

இதெல்லாம் சிறுகச் சிறுகப் போவது. மொத்தமாகக் கொட்டியதற்கு உதாரணம் எக்ஸ்-பிரஸ் பேர்ல். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தபோது தீப்பிடித்து, ஜூன் 2ஆம் தேதி இழுத்துச் செல்லும் முயற்சியில் பின்பகுதி தரைதட்டி மூழ்கத் தொடங்கிய கப்பல். கட்டி முடித்துச் சில மாதங்களே ஆன புதுக்கப்பல். அது சிங்கப்பூரில் பதிவானது, அதை இயக்கியதும் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட நிறுவனம். நைட்ரிக் அமிலம் இருந்த ஒரு கொள்கலன் கசிகிறது என்று தெரிந்து, கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அதை இறக்கிவிடக் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கப்பலில் ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. உலகில் இதுவரை பதிவானவற்றில் இதைவிடப் பெரிய மணிச் சிதறல் கிடையாது. நீர்கொழும்புப் பக்கம் மணலே தெரியாத அளவுக்குக் கரையை மூடிவிட்டது. மீன்பிடிக்கத் தடை. ஆமைகளும் டால்பின்களும் திமிங்கலங்களும் செத்து ஒதுங்கின. வெள்ளை மணிகளையாவது கண்ணால் பார்த்துப் பொறுக்கலாம். தீயில் உருகி ஒட்டிக் கரிக்கட்டையாகிப் போனவை கல்லோடு கல்லாய்க் கிடந்தன, அவற்றில் நச்சுப்பொருள்களும் கூடுதல். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது.

அது நடந்தபோது இங்கே நம் பேச்செல்லாம் கோவிட் பற்றியே இருந்தது. கப்பலின் கொடி நம்முடையது என்பது என் நண்பர்கள் வட்டத்தில் பலருக்கு இன்றைக்கும் தெரியாது.

உங்கள் ஊர்க் கரைக்கு வந்தவை 2025 மே 25ஆம் தேதி கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பலிலிருந்து. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது, லைபீரியக் கொடி, 640 கொள்கலன்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்துக் கேரளக் கடலில் இன்னொரு கொள்கலன் கப்பல் தீப்பிடித்தது, வான் ஹாய் 503. அதுவும் சிங்கப்பூர்க் கொடிதான். கொடி என்பது பதிவுதானே, சரக்கு யாருடையதோ, மாலுமிகள் எந்த நாடோ என்று நீங்கள் கேட்கலாம். நம் துறைமுகம் 2024ல் 4 கோடியே 11 லட்சம் கொள்கலன் அலகுகளைக் கையாண்டதாகச் செய்தி வந்தபோது நாம் யாரும் அப்படிக் கேட்கவில்லை, பெருமைப்பட்டோம்.

இந்த மணிகள் கடல்வழிச் சரக்குப் பட்டியலில் ஆபத்தானவையாக வகைப்படுத்தப்படவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத எரிச்சல். அமிலத்துக்கும் பட்டாசுக்கும் கட்டாய விதி உண்டு. மணிகளுக்கு 2024 மார்ச்சில் அனைத்துலகக் கடல்துறை அமைப்பு சில பரிந்துரைகளைத் தந்தது: நல்ல பொதியில் கட்டுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று கப்பலுக்குச் சொல்லுங்கள், கூடுமானவரை மேல்தளத்தில் வைக்காமல் கீழே வையுங்கள். அவ்வளவும் விருப்பமிருந்தால் செய்யலாம் என்ற வகை. உலக அளவில் பிளாஸ்டிக் ஒப்பந்தம் ஒன்று போடுவோம் என்று 2022ல் நாடுகள் கூடி முடிவெடுத்தன. 2024 கடைசியில் பூசானில் முடியவில்லை, 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடியவில்லை. உற்பத்திக்கு வரம்பு வைப்பதா வேண்டாமா என்ற இடத்தில் எண்ணெய் நாடுகள் முரண்டு பிடித்தன. பைக்கு 5 காசு கட்டணம் போடுவது எவ்வளவு சுலபம் என்று இப்போது தெரிகிறதா? நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

மீனுக்கும் ஆமைக்கும் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். கடலில் சில வாரம் கிடந்த மணியின்மேல் பாசி படியும். படிந்ததும் அதற்கு இரையின் வாசம் வந்துவிடுகிறது. புதுப் பிளாஸ்டிக்கைச் சட்டை செய்யாத பெருந்தலை ஆமைகள், கடலில் ஊறிய பிளாஸ்டிக்கின் வாசத்துக்குத் தீனியின் வாசத்தைப்போலவே மூக்கை நீட்டியதை 2020ல் ஒரு சோதனையில் பார்த்தார்கள். கண்ணுக்கு அது மீன்முட்டை, மூக்குக்கும் தீனி. விழுங்கிய பிறகு துப்பவும் முடியாது. ஆமையின் தொண்டை உட்புறம் முழுக்க வயிற்றைப் பார்த்து வளைந்த கூர்முட்கள் இருக்கும். சொறி மீனைத் தின்னும்போது கடல்நீரை வெளியே தள்ளிவிட்டு இரையை மட்டும் நழுவாமல் பிடித்துக்கொள்ள உள்ள ஏற்பாடு அது. பிளாஸ்டிக்குக்கும் அதே ஒருவழிப் பாதை. குடல் அடைபடும், இல்லையென்றால் வாயு சேர்ந்து ஆமை முங்க முடியாமல் மேலேயே மிதக்கும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளுக்கு இன்னும் மோசம். அவை நீரோட்டங்கள் கூடுகிற கோட்டில், மிதக்கும் பாசியோடு பாசியாய்த்தான் வளர்கின்றன. மிதக்கிற பிளாஸ்டிக்கும் அதே கோட்டில்தான் சேர்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் மணலில் அழுங்காமை முட்டையிட வருகிறது என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

நச்சு விஷயமும் உண்டு. பழைய பூச்சிமருந்து எச்சங்களும் பிசிபி என்ற வேதிப்பொருள்களும் தண்ணீரில் கரைய விரும்பாதவை. பிளாஸ்டிக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல் லட்சம் மடங்குக்கும் மேலாக மணியில் சேர்ந்திருப்பதை 2001லேயே ஜப்பானியர்கள் அளந்து காட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு அம்மா மேலும் பயந்துவிடக்கூடாது. மீன் மணியை விழுங்கினால் அது இருப்பது இரைப்பையிலும் குடலிலும். நாம் அதை எடுத்து எறிந்துவிட்டுத்தான் குழம்பு வைக்கிறோம். அயிலை, சாளை, விளமீன் எல்லாம் தாராளமாக வாங்கலாம். நெத்திலியை மட்டும் சோம்பல் படாமல் தலையும் குடலும் கிள்ளிப்போட்டுச் சமைக்கச் சொல்லுங்கள்.

தம்பிக்கு: மணலோடு சேர்த்து அள்ளிச் சாக்கில் கட்டினால் கரையில் மணல்தான் குறையும். மேல்மணலை மட்டும் மெதுவாக வழித்து, வாளியில் கடல்நீர் நிரப்பி அதில் கொட்டிக் கலக்கினால் மணல் கீழே இறங்கிவிடும், மணிகள் மேலே வரும். கொசுவலைத் துணியால் அரித்து எடுத்துவிடலாம். கையுறை கட்டாயம். அதிகமாகச் சேர்வது அலை கடைசியாக ஏறிவிட்டுப் போகும் கோட்டில், காய்ந்த பாசிக்கு அடியில், அங்கே தொடங்கட்டும். சேர்த்ததைக் கரையிலேயே கொளுத்திவிட வேண்டாம், நீர்கொழும்பில் கரிக்கட்டையானது என்ன பாடு படுத்தியது என்று மேலே சொன்னேன். பஞ்சாயத்திலோ மீன்வளத்துறையிலோ ஒப்படைத்துவிட்டு, எந்த இடம், எந்த நாள், எத்தனை சாக்கு என்று படத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளட்டும். இழப்பீடு என்று நாளைக்கு வழக்கு நடந்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு உண்டு.

உங்களிடமும் ஒரு வேலை இருக்கிறது. கிடங்கைச் சுற்றியுள்ள வடிகால் வாய்களில் மணி நுழையாத அளவுக்கு நெருக்கமான கம்பிவலை போட்டிருக்கிறார்களா? இறக்கும் இடத்தில் கூட்டி அள்ள வாக்குவம் வைத்திருக்கிறார்களா, ஹோஸ் பைப் மட்டும்தானா? மேற்பார்வையாளர் கேட்டால் நிர்வாகம் காது கொடுக்கும். பெரிய மழை பெய்து ஓய்ந்ததும் வடிகால் ஓரம் ஒருமுறை குனிந்து பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள், உங்கள் பெயரும் கிடங்கின் பெயரும் இல்லாமல் இங்கே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா