கிண்டியில் ஒரு வேலை, சிறுசேரியில் ஒரு வேலை: வீடு எங்கே?

வணக்கம் சார்,

பாளையங்கோட்டையில் இருக்கிறோம். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். வரும் ஏப்ரலில் கிண்டிக்கு மாற்றல் வருவது உறுதி. என் கணவர் இத்தனை நாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். இனி வாரம் மூன்று நாள் சிறுசேரி அலுவலகத்துக்கு நேரில் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, இருவரும் மெட்ரிகுலேஷன். மாமாவும் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்குச் செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ்.

நாவலூரில் நல்ல அபார்ட்மென்டாகப் பார்க்கலாம் என்கிறார் கணவர். எனக்கு வேளச்சேரி தோதுப்படும் போலத் தெரிகிறது. பாளையங்கோட்டை வீட்டை விற்றுவிட்டு முடிச்சூரில் ஃபிளாட் வாங்கிவிடுங்கள் என்கிறார் கொழுந்தனார். புரோக்கர் ஒருவர் பெரும்பாக்கத்தில் புது ஃபிளாட் என்று போட்டோ அனுப்பியிருக்கிறார், வாடகை 18,000. எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை கொடுக்க முடியும். எங்களுக்குச் சென்னை பழக்கமில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

ச.மு., பாளையங்கோட்டை

அன்புள்ள ச.மு. அவர்களுக்கு,

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையில், தண்டவாளத்துக்குக் கிழக்கே தேடுங்கள். வாடகைக்கு மட்டும் தேடுங்கள். பாளையங்கோட்டை வீடு அப்படியே இருக்கட்டும்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் வீடு பார்ப்பது வழக்கம். கிண்டிக்கும் சிறுசேரிக்கும் நடுப்புள்ளி வைத்துப் பாருங்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் தென்கோடியில் போய் விழும். புரோக்கர் காட்டும் பெரும்பாக்கம் அதை ஒட்டித்தான் இருக்கிறது.

தூரத்தை விட்டுவிட்டு, வாரத்தில் யார் எத்தனை தடவை வெளியே போகிறார்கள், அதில் எதைத் தள்ளிப்போட முடியாது என்று எழுதிப் பாருங்கள். உங்கள் கணவருக்கு மூன்று நாள். மழை என்றால் அன்றைக்கு வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு ஐந்து நாள், சில வாரம் ஆறு. கவுன்டரில் ஆள் வேண்டும், வீட்டிலிருந்து பார்க்க முடியாது. பிள்ளைகளுக்குத் தினமும். மாமாவுக்கு இரண்டே நாள்தான், ஆனால் அதில் ஒன்றைக்கூடத் தவறவிட முடியாது. கூட ஒருவர் போகவும் வேண்டும். ஆகவே டயாலிசிஸ் மையம் முதலில், பள்ளி அடுத்து, உங்கள் ரயில் மூன்றாவது, சிறுசேரி கடைசி. கணவர் கொஞ்சம் முகம் சுளிப்பார். வாரம் மூன்று நாள் நீண்ட பயணம் அவர் பங்கு.

கடற்கரை–தாம்பரம் மின்ரயில் கிண்டியில் நிற்கிறது. குரோம்பேட்டையிலிருந்து ஏறினால் பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை தாண்டி ஆறாவது நிறுத்தம். ஏறக்குறைய 20 நிமிடம், சாலையில் என்ன நெரிசல் இருந்தாலும் அதே 20 நிமிடம். உங்கள் கணவர் தாம்பரம்–வேளச்சேரி சாலையில் மேடவாக்கம் போய், சோழிங்கநல்லூர் வழியாக ஓ.எம்.ஆரை, அதாவது பழைய மாமல்லபுரம் சாலையைப் பிடிக்கலாம். மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ மேடவாக்கம் வழியாக வருகிறது, மாதவரம்–சிறுசேரி மெட்ரோ ஓ.எம்.ஆரில் வருகிறது. இரண்டு வேலையும் முடிகிறவரை இந்தச் சாலைகளில் காலை நேரம் சோதனைதான். கம்பெனி வண்டி எதுவரை வந்து ஏற்றிக்கொள்ளும் என்று எச்.ஆரிடம் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஓர் எல்லை வைத்திருப்பார்கள். அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு அமைந்துவிட்டால் பிறகு கெஞ்சிப் பயனில்லை.

தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்பது இங்கே பெரிய விஷயம். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலை மேற்கே, ராதாநகர், அஸ்தினாபுரம் கிழக்கே. நேர்க்கோட்டில் அரை கிலோமீட்டர் இருக்கும் இடத்துக்குப் பாலமோ சுரங்கப்பாதையோ தேடிச் சுற்றவேண்டி வரும். வீடு ஒரு பக்கமும் பள்ளி மறுபக்கமும் அமைந்தால் தினமும் நான்கு தடவை அந்தச் சுற்று. மேற்கே நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்டுப்போன பகுதிகள் உண்டு. அங்கே வாடகை குறைவாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட நான்கு இடங்கள். கிண்டிக்கு வேளச்சேரி பக்கம்தான், பள்ளிகளும் நிறைய. ஆனால் பறக்கும் ரயில் கிண்டிக்குப் போகாது. அது தரமணி, திருவான்மியூர் வழியாகக் கடற்கரைக்குப் போகிறது. தவிர, மழை எச்சரிக்கை வந்ததும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிற ஊர் அது. உயரமான தெருக்கள் அங்கேயும் இருக்கின்றன, ஆனால் 25,000-க்குள் புதியவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மற்ற தெருக்கள். நாவலூர் உங்கள் கணவருக்கு மட்டும் வசதி. மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 4 ரூபாய் என்று வைத்தால்கூட ஆயிரம் சதுர அடிக்கு மாதம் 4,000 போய்விடும். நீங்கள் கிண்டிக்குப் போய்வருவது தனிச் செலவு. முடிச்சூர் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கிய பகுதி. அதன்பிறகு வடிகால் வேலைகள் நடந்திருக்கின்றன. இருந்தாலும் ஒரு மழைக்காலம்கூடச் சென்னையில் இருந்து பார்க்காமல், ஊரில் இருக்கும் ஒரே வீட்டை விற்று அங்கே வாங்குவது கூடாது. பெரும்பாக்கம் 2023 மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் நின்ற இடங்களில் ஒன்று. தென்சென்னையின் ஏராளமான ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டில்தான் கடலைத் தொடவேண்டும். கடல் ஏற்றத்தில் இருந்தால் அங்கே வடியாது. வடியாவிட்டால் பின்னால் இருக்கும் தெருக்களில் நிற்கும்.

நான் சொல்லும் பகுதி மட்டும் மேடா என்று கேட்பீர்கள். இல்லை. சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிய தெருக்களில் தண்ணீர் ஏறியிருக்கிறது, சேலையூரிலும் பள்ளமான நகர்கள் உண்டு. சென்னையில் பகுதிக்குப் பகுதி இருக்கும் வித்தியாசத்தைவிடத் தெருவுக்குத் தெரு இருக்கும் வித்தியாசம் பெரிது. நல்லவேளையாக நீங்கள் ஐப்பசியில் எழுதியிருக்கிறீர்கள். மே மாதம் வீடு தேடி வருகிறவர்களுக்கு எல்லாத் தெருவும் மேடாகத்தான் தெரியும். கார்த்திகைக்குள் ஒருமுறை, நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் உங்கள் கணவர் வந்து நாலைந்து தெருக்களை நடந்து பார்க்கட்டும். இரவு ரயிலில் கிளம்பினால் காலையில் தாம்பரத்தில் இறங்கிவிடலாம்.

அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே போகவேண்டாம். இஸ்திரி வண்டிக்காரர், வாட்ச்மேன், பால் பாக்கெட் போடுகிறவர், இவர்களிடம் கேளுங்கள். ‘இங்கே தண்ணி வருமா?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் வராது சார்’ என்பார்கள். ‘மிக்ஜாமுக்கு எதுவரைக்கும் நின்னுச்சு? கரன்ட் வர எத்தனை நாள் ஆச்சு?’ என்று கேளுங்கள். முழங்கால், இடுப்பு என்று அளவோடு பதில் வரும். காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம் முழங்கால் உயரத்தில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா, கீழே மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா, பாருங்கள். வாசல்படி சாலையைவிட உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்ட தெருக்களில், முப்பது வருடத்துக்கு முன் மேடாகக் கட்டிய வீடு இன்று பள்ளத்தில் கிடக்கும்.

ஃபிளாட் என்றால் இரண்டாவது மாடி போதும், வெள்ளம் நமக்கில்லை என்று தோன்றும். ஈ.பி. மீட்டர் பலகை ஸ்டில்ட் பார்க்கிங்கில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இடுப்புக்குக் கீழே இருந்தால், தண்ணீர் வந்த அன்றே மொத்தக் கட்டடத்துக்கும் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மோட்டார் ஓடாது, மேல்தொட்டி காலியாகும், லிஃப்ட் நிற்கும். டயாலிசிஸ் முடிந்து தளர்ந்து வருகிறவரை மூன்று மாடி ஏற்ற முடியாது. அதனால் லிஃப்ட் இருந்தாலும் முதல் மாடியையே கேளுங்கள். சம்ப் மூடி தரை மட்டத்தில் இருந்தால் வெள்ளம் நேராக அதற்குள் இறங்கும். செப்டிக் டேங்க் பக்கத்திலேயே இருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதவேண்டியதில்லை. பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீடாகப் பாருங்கள்.

அடுத்த வருகை ஏப்ரல் கடைசியில், இதற்கு நேர்மாறான தண்ணீர்ப் பிரச்சினைக்கு. ஐந்து பேருக்கு, ஆளுக்கு 135 லிட்டர் என்ற அரசுக் கணக்குப்படி நாளுக்கு 675 லிட்டர், மாதம் சுமார் 20,000 லிட்டர் வேண்டும். போர்வெல் வற்றி முழுக்க லாரித் தண்ணீரை நம்பினால் 12,000 லிட்டர் லாரியில் ஒன்றரைக்கு மேல் உங்கள் வீட்டுக்கு மட்டுமே போகும். ஆகவே ஹவுஸ் ஓனரிடம் மூன்று கேள்வி: மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் வருகிறது? போன மே மாதம் எத்தனை லாரி வாங்கினீர்கள்? அந்தப் பணத்தை எப்படிப் பிரித்தீர்கள், வீட்டுக்கா, ஆளுக்கா? ஆள் கணக்கென்றால் உங்களுக்கு ஐந்து பங்கு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தரநிலை. 2,000-ஐத் தாண்டிய போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, கீசர் காயில் உப்புப் பிடிக்கும், வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும். மீட்டர் இல்லாவிட்டால் குளியலறை ஷவரை அண்ணாந்து பாருங்கள். துளைகளில் வெள்ளைப் பொருக்குக் கட்டியிருந்தால் அதே பதில்தான்.

டயாலிசிஸ் மையத்தில் படுக்கை இருக்கிறதா என்று கேட்டால் போதாது, செவ்வாய், வெள்ளிக்கு எந்த நேரத்து ஸ்லாட் காலி என்று கேட்கவேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு ராத்திரி ஷிஃப்ட்தான் முதலில் கிடைக்கும். கிழமையை மாற்றச் சொன்னால் பழைய மையத்தில் கடைசி வாரம் அதற்கேற்ப முன்பின்னாக நகர்த்திக்கொள்ளவேண்டும். இப்போதைய மையத்தில் டயாலிசிஸ் சார்ட், டிரை வெயிட் (தேங்கிய நீரை எடுத்தபின் இருக்கவேண்டிய எடை), ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெபரின் அளவு, டயலைசர் என்ற வடிகட்டியின் வகை, ஊசி போடக் கையில் ரத்தக்குழாயை இணைத்த ஃபிஸ்டுலா விவரம் எல்லாம் எழுதி வாங்குங்கள். மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள் புதிதாக இல்லாவிட்டால் சேர்க்கத் தயங்குவார்கள். மழையில் மையத்துக்கு மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணிநேரம் தாங்கும், தண்ணீர் சுத்திகரிப்பு அறை தரைத்தளத்திலா என்பதையும் கேட்டுவையுங்கள். இரண்டாவதாக இன்னொரு மையத்தின் பெயரும் கையில் இருக்கட்டும். வீட்டிலிருந்து ஆட்டோவில் 15 நிமிடத்துக்குள் போகமுடிந்தால் நல்லது.

பள்ளிக்கு ஜனவரியிலேயே விசாரியுங்கள். மகள் ஜூனில் ஒன்பதாம் வகுப்பு. நல்ல நேரம்தான், இன்னும் ஒரு வருடம் தள்ளினால் பத்தாம் வகுப்பில் பள்ளி மாற்றவேண்டி வரும். மாநிலப் பாடத்திட்டத்திலேயே தொடரட்டும், இந்த வயதில் ஊரும் பாடத்திட்டமும் ஒன்றாக மாறவேண்டாம். டி.சி.யில் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்) சரியாக இருக்கிறதா பாருங்கள். பள்ளிப் பேருந்து என்றால் உங்கள் நிறுத்தம் எத்தனையாவது என்று கேளுங்கள். முதல் நிறுத்தமென்றால் மகன் ஆறே முக்காலுக்கே தெருமுனையில் நிற்கவேண்டும்.

ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யவேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று சட்டம் சொல்கிறது, இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர. அந்தத் ‘தவிர’வில்தான் ஐந்து மாதம், ஆறு மாதம் என்று கேட்கிறார்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைத் தொகையாகவே எழுதி வாங்குங்கள். ஈ.பி. இணைப்பு உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்கவேண்டும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே வசூலித்தால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வராது. ‘வெஜ் மட்டும்’ என்பதையும், சில இடங்களில் நீங்கள் என்ன ஆட்கள் என்பதையும் போனிலேயே கேட்பார்கள். அசிங்கமான கேள்விதான். முதல் போனிலேயே தெரிந்துவிட்டால் அலைச்சலாவது மிச்சம்.

சாமான் ஏற்றுவதைப் புதன்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் மாமாவுக்கு அங்கே டயாலிசிஸ் முடிந்திருக்கும். புதன் இரவு ரயில், வியாழன் காலை தாம்பரம், வெள்ளி புதிய மையத்தில் முதல் ஸ்லாட். எழும்பூர் வரை போகாதீர்கள். மாமாவுக்குக் கீழ் பெர்த்தாக எடுங்கள். பயணத்தில் அவர் குடிக்கும் தண்ணீருக்குத் தனி பாட்டில் ஒன்றை அளந்து கொடுங்கள். அவருடைய ஃபைல் லாரியில் ஏறிவிடாமல் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.